செம்பின் கடைசிக் கூட்டில் ஓர் எலக்ட்ரான்தான். மயில்துத்தத்தில் இரண்டு போயிருப்பது எப்படி?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழியில் படிக்கிறாள். அணு அமைப்புப் பாடத்தை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சோடியம் 2, 8, 1. மக்னீசியம் 2, 8, 2. அலுமினியம் 2, 8, 3 என்று எழுதி, கடைசி எண்தான் இணைதிறன் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை என்றும், உலோகம் அந்த எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நிரம்பிய கூட்டோடு நின்றுவிடும் என்றும் விளக்கினேன். அவளும் நன்றாகவே புரிந்துகொண்டாள்.

சிக்கல் செம்பில் தொடங்கியது. செம்பின் அணு எண் 29. அமைப்பு 2, 8, 18, 1. ஆகவே இணைதிறன் ஒன்று என்று குறிப்பேட்டில் எழுதினாள். ஒரு வாரம் கழித்து, மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டில் செம்பின் இணைதிறன் இரண்டு என்று வகுப்பில் படித்துவிட்டு வந்தாள். "ஒன்றுதானே கடைசிக் கூட்டில் இருந்தது, இரண்டாவது எங்கிருந்து வந்தது? நிரம்பிய பதினெட்டை உடைத்து எடுத்தார்களா? சோடியத்தின் எட்டை உடைக்க முடியாது என்று நீதானே சொன்னாய்?" என்று கேட்டாள். செம்பு இடைநிலைத் தனிமம், அதற்கு இரண்டு இணைதிறன்கள் உண்டு என்று பதில் சொன்னேன். அது அவள் கேள்விக்குப் பதில் ஆகாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. பெயர் வைப்பதால் காரணம் விளங்கிவிடாது அல்லவா? அவள் வயதுக்கு எட்டும்படி, ஆனால் பொய் கலக்காமல், இதை எப்படிச் சொல்லலாம்?

பழைய கரும்பலகை

வணக்கம் அம்மா. முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தேன். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட மாணவர்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2, 8, 18, 1 என்பது தலைக்கணக்கு மட்டுமே. ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன என்று அது சொல்கிறது. அவை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்வதில்லை. இணைதிறனைத் தீர்மானிப்பது அந்த இறுக்கம்தான். எனவே தலைக்கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுதுவோம். ஓர் எலக்ட்ரானைச் செம்பிலிருந்து பிரித்து வெளியே கொண்டுவர எவ்வளவு ஆற்றல் செலவாகும்? முதல் கூட்டின் எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 8,979 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு இது). இரண்டாம் கூட்டுக்கு ஏறத்தாழ 933 முதல் 1,097 வரை. மூன்றாம் கூட்டுக்கு வரும்போதுதான் உங்கள் மகளின் கேள்விக்கு விடை தென்படுகிறது: அந்தப் பதினெட்டும் ஒரே விலைக்குக் கிடைப்பவை அல்ல. ஒரு கூட்டுக்குள் இருக்கும் உட்பிரிவுகளைத் துணைக்கூடுகள் என்பார்கள்; 3எஸ் துணைக்கூட்டில் உள்ள இரண்டுக்கு ஏறத்தாழ 122, 3பி துணைக்கூட்டில் உள்ள ஆறுக்கு ஏறத்தாழ 75, ஆனால் 3டி துணைக்கூட்டில் உள்ள பத்துக்கு வெறும் 10.4. நான்காம் கூட்டில் தனித்து நிற்கும் 4எஸ் எலக்ட்ரானுக்கு 7.7. (உள்கூடுகளின் எண்கள் திண்மச் செம்பில் எக்ஸ்-கதிர் கொண்டு அளந்தவை, கடைசி இரண்டும் தனி அணுவுக்கு உரியவை, ஒப்பிட்டுப் பார்க்க இந்த வேறுபாடு தடையாகாது.)

பத்துக்கும் எழுபத்தைந்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பத்துக்கும் ஏழே முக்காலுக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். மூன்றாம் கூடு என்று நாம் ஒரே வட்டமாக வரைவதற்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. அதில் எட்டு எலக்ட்ரான்கள் அணுவின் உட்புறத்தைச் சேர்ந்தவை. பத்து, எண்ணிக்கையில் மூன்றாம் கூட்டைச் சேர்ந்தவையாக இருந்தும், ஆற்றலில் நான்காம் கூட்டின் அயலார். செம்பை 2, 8, 8, 10, 1 என்று மனத்துக்குள் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தேர்வில் அப்படி எழுத வேண்டாம்.

இனி உடைப்பது பற்றி. ஒரு மோல் அளவில், செம்பின் முதல் அயனியாக்கும் ஆற்றல், அதாவது முதல் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், 745 கிலோஜூல், இரண்டாவது 1,958. சோடியத்துக்கு முதலாவது 496, இரண்டாவது 4,562. இரண்டுமே இரண்டாவது எலக்ட்ரானை நிரம்பிய அமைப்பிலிருந்துதான் எடுக்கின்றன. ஆனால் சோடியத்தில் அதன் விலை ஒன்பது மடங்கு ஏறுகிறது, செம்பில் மூன்று மடங்குகூட ஏறவில்லை. "உடைக்க முடியாது" என்று நாம் சோடியத்தைப் பற்றிச் சொல்வது உண்மையில் "உடைத்தால் கட்டுப்படியாகாது" என்பதன் சுருக்கமே.

கட்டுப்படியாவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பள்ளிப் பாடங்கள் இந்தப் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எலக்ட்ரானை இழப்பது உலோகத்துக்கு எப்போதுமே செலவுதான். விரும்பிக் கொடுக்கிறது என்று நாம் சொன்னாலும், சோடியம்கூட அந்த 496 கிலோஜூல் கிடைக்காமல் ஓர் எலக்ட்ரானையும் விடாது. வரவு, எலக்ட்ரானை இழந்த அணுவான அயனி பிறந்த பிறகு சுற்றுப்புறத்திலிருந்து வருகிறது. நீரில் கரைந்தால் நீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழ்ந்துகொண்டு ஆற்றலை வெளியிடும்; படிகமானால் எதிர்மின் அயனிகள் அதைச் செய்யும். ஒரு நேர்மின்னூட்டம் கொண்ட செம்பு அயனி நீரேறும்போது ஏறத்தாழ 590 கிலோஜூல் வெளிப்படுகிறது. இரண்டு நேர்மின்னூட்டம் கொண்டதற்கு ஏறத்தாழ 2,100.

இப்போது, நீரில் ஒற்றை நேர் அயனிகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று தன் எலக்ட்ரானை மற்றொன்றிடம் கொடுத்து இரட்டை நேர் அயனியாகிறது; மற்றொன்று உலோகச் செம்பாகப் படிகிறது. செலவு 1,958 கழித்தல் 745, அதாவது 1,213. வரவு, உலோகமாகப் படிவதில் 338, நீரேற்றத்தில் கூடுதலாக 2,100 கழித்தல் 1,180, அதாவது 920. மொத்த வரவு 1,258. நாற்பத்தைந்து கிலோஜூல் மிச்சம். ஆயிரக்கணக்கில் செலவும் வரவும் நடந்து, கடைசியில் இவ்வளவு சிறிய மிச்சத்தால்தான் நீரில் நாம் காணும் செம்பு இரட்டை நேர் அயனியாக இருக்கிறது. சுற்றுப்புறம் சற்றே மாறினாலும் தீர்ப்பு மாறும்: மயில்துத்தக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால், செம்பு தான் இழந்த எலக்ட்ரான்களில் ஒன்றை அயோடைடிலிருந்து திரும்பப் பெற்று, ஒற்றை இணைதிறனுக்கு மீண்டு, வெண்ணிறக் குப்ரஸ் அயோடைடாக வீழ்படிகிறது, பழுப்பு நிறத்தில் அயோடின் வெளிவருகிறது. இது பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்துக்கு உரியது. அவள் அங்கே போகும்போது நினைத்துக்கொள்ளட்டும்.

செம்பு ஏன் 2, 8, 17, 2 என்று இல்லாமல் 2, 8, 18, 1 என்று அமைந்தது என்றும் அவள் கேட்கக்கூடும். முழுதும் நிரம்பிய 3டி துணைக்கூடு மிகுந்த நிலைத்தன்மை உடையது என்பதே காரணம்.

நிறமாலை

மேலே உள்ள பதிலைப் பெரிதும் மதிக்கிறேன். செலவு, வரவு என்று பிரித்துக் காட்டியது இந்தப் பாடத்தில் மிகவும் தேவைப்படுவது. கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நிரம்பிய துணைக்கூடு நிலையானது என்பதைக் காரணமாகக் கொடுத்தால், அந்தச் சிறுமி உடனே "அவ்வளவு நிலையான பத்தை மயில்துத்தத்தில் ஏன் உடைத்தது?" என்று கேட்பாள், அது நியாயமான கேள்வி. நிக்கலும் எட்டு 3டி, இரண்டு 4எஸ் என்றே தன் தரைநிலையில், அதாவது மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில், இருக்கிறது. பத்தும் சுழியமுமாக மாறிக்கொள்ளவில்லை.

செம்பு அணுவில் இரண்டு அமைப்புகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு 1.39 எலக்ட்ரான் வோல்ட்தான். அது அளந்தறிந்த எண். செம்பு ஆவி லேசர் என்ற கருவி 510.6 நானோமீட்டரில் பச்சை ஒளியை வீசுகிறதே, அதில் கிளர்வுற்ற செம்பு அணு வந்து இறங்கும் படி, ஒன்பது 3டி எலக்ட்ரான்களும் இரண்டு 4எஸ் எலக்ட்ரான்களும் கொண்ட அந்த மற்றோர் அமைப்புதான். ஆகவே அது கற்பனையில் எழுதிப் பார்க்கும் அமைப்பு அன்று. அணு உண்மையிலேயே அந்நிலையில் இருக்கிறது, அங்கே வந்து இறங்கும்போது ஒளி வடிவில் நமக்குச் செய்தியும் அனுப்புகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. "4எஸ் முதலில் நிரம்பும், ஆனால் அயனியாகும்போது அதுவே முதலில் வெளியேறும்" என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்யும்போது உள்ளுக்குள் அவர்களுக்கு உறுத்தவும் செய்கிறது. முதலில் நிரம்புவது தாழ்ந்த ஆற்றல் கொண்டது என்றால், அது ஏன் முதலில் போக வேண்டும்? விடை எளிது. முதலில் நிரம்புவது என்ற பேச்சு பொட்டாசியத்தைப் பற்றியது. வெளியேறுவது என்ற பேச்சு செம்பையோ இரும்பையோ பற்றியது. அவை வேறு வேறு அணுக்கள். பொட்டாசியத்தின் கருவில் 19 புரோட்டான்கள். அங்கே 3டியைவிட 4எஸ் 2.7 எலக்ட்ரான் வோல்ட் தாழ்ந்திருக்கிறது, அதனால்தான் 2, 8, 9 என்று வராமல் 2, 8, 8, 1 என்று வருகிறது. கால்சியத்திலும் அப்படியே. அதன் பிறகு கருவின் மின்னூட்டம் ஒவ்வொன்றாகக் கூடக் கூட, அணுவுக்கு உள்ளே நெருங்கி வாழும் 3டி விரைவாகக் கீழிறங்குகிறது. வெளியே விரிந்து கிடக்கும் 4எஸ் மெல்ல இறங்குகிறது. 29 புரோட்டான்கள் கொண்ட செம்பை எட்டும்போது வரிசை முற்றிலும் தலைகீழாகிவிட்டது. ஓர் அணு வெற்றுக் கருவாகப் பிறந்து, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொள்வதில்லை. தனிமத்திலிருந்து தனிமத்துக்கு நாம் நடந்து போகும் வழியை ஒரே அணுவின் வரலாறாகச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

பழைய கரும்பலகை

நீங்கள் சொல்வது சரி. நிலைத்தன்மை என்ற சொல்லை இத்தனை ஆண்டுகளும் காரணம் போலப் பயன்படுத்திவிட்டேன். அது விளைவுக்கு வைத்த பெயர். அந்தப் பத்தியைத் திருத்தியதாகவே கொள்ளுங்கள்.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. 2, 8, 8, 10, 1 என்பதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். எட்டையும் பத்தையும் வேறு வேறு நிற மையில் எழுதியிருக்கிறாள். இப்போது அடுத்த கேள்வி. மின்கம்பியில் ஓடும் எலக்ட்ரான்கள் எவை? நான்காம் கூட்டில் உள்ள அந்த ஒன்று மட்டுமா, பத்தில் சிலவும் சேர்ந்தா? பொட்டாசியத்துக்கும் கடைசிக் கூட்டில் ஒன்றுதான், செம்புக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் கத்தியால் நறுக்கலாம், மற்றொன்றில் குடம் செய்கிறோம். இது ஏன் என்றும் கேட்கிறாள்.

கம்பிச்சுருள்

மின்பொறியாளன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலும் அந்த ஒன்றுதான். அணுக்கள் திண்மமாக நெருங்கி அடுக்கப்படும்போது, ஒவ்வோர் அணுவின் 4எஸ் எலக்ட்ரானும் தன் அணுவுக்கு மட்டும் உரியதாக இருப்பதை விட்டு, முழுக் கட்டிக்கும் பொதுவாகிவிடுகிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் வாயுவைப் போலத் திரிகின்றன என்ற கருத்தை 1900இல் பால் துரூடு முன்வைத்தார். பல திருத்தங்களுக்குப் பிறகும் அதன் அடிப்படை நிலைத்திருக்கிறது. செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம்; அணுவுக்கு ஒன்று என்று வைத்தால் அந்தக் கன சென்டிமீட்டருக்குள் 8.5 × 10²² கட்டற்ற எலக்ட்ரான்கள் வரும். இது வெறும் ஊகமன்று. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு, காந்தப்புலத்தில் வைத்த தகட்டின் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தை அளந்து இதைச் சோதிக்கலாம். செம்பில் அந்த அளவீடு அணுவுக்கு ஒன்றுக்குச் சற்று மேலான மதிப்பைத் தருகிறது. பதினொன்றும் ஓடினால் அளவீடு நிச்சயமாகக் காட்டிக்கொடுத்திருக்கும்.

எண்ணிக்கை இவ்வளவு பெரிது என்பதால் ஓட்டம் மிகவும் மெதுவானது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது, கம்பி நெடுக இருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால்.

பத்து 3டி எலக்ட்ரான்கள் ஓடுவதில் பங்கு கொள்வதில்லையே தவிர, அவை சும்மா இருப்பதில்லை. செம்பின் நிறம் அவற்றால் வருவது. உலோகச் செம்பில் 3டி எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை, நிரம்பிய மட்டத்தின் உச்சிக்கு ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் கீழே முடிகிறது. அந்த இடைவெளியைத் தாண்டப் போதுமான பச்சை, நீல ஒளியை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. சிவப்புக்கு அந்த வலிமை இல்லாததால் அது திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. புளி போட்டு விளக்கிய குடத்தில் தெரியும் அந்தச் செம்மை, மூன்றாம் கூட்டின் கையெழுத்து.

பொட்டாசியத்தோடு ஒப்பிட்டதற்கு வருகிறேன். பொட்டாசியத்திலிருந்து செம்புக்கு வரும்போது கருவில் பத்துப் புரோட்டான்கள் கூடுகின்றன. கூடவே வந்த பத்து 3டி எலக்ட்ரான்கள் அந்தக் கூடுதல் இழுவிசையை 4எஸ் எலக்ட்ரானிடமிருந்து முழுதாக மறைப்பதில்லை. அதனால் செம்பின் அணு சுருங்குகிறது. அருகருகே உள்ள அணுக்களின் மையங்களுக்கு இடையே 2.56 ஆங்ஸ்ட்ராம்தான் இருக்கிறது, பொட்டாசியத்திலோ நாலரைக்கு மேல். நெருங்கிய கருக்களும் செறிந்த எலக்ட்ரான்களும் சேர்ந்து இழுக்கின்றன. 3டி எலக்ட்ரான்களும் பிணைப்புக்குச் சிறிது உதவுகின்றன. பொட்டாசியம் 63.5 பாகையில் உருகிவிடுகிறது, செம்புக்கு 1,085 பாகை செல்சியஸ் வேண்டும். இரண்டின் கடைசி எண்ணும் 1 என்பதை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாட்டை யாரும் எதிர்பார்க்க முடியாது.

வடமராட்சி

வணக்கம் சகோதரி. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் எலக்ட்ரானை இலத்திரன் என்றும், கூட்டை ஓடு என்றும், இணைதிறனை வலுவளவு என்றும் எழுதுவோம். சொல் வேறானாலும் பிள்ளைகளுக்கு வரும் சந்தேகம் இதே சந்தேகம்தான்.

அதற்குக் காரணம், வலுவளவு இலத்திரன் என்ற ஒரே பெயர் இரண்டு வரைவிலக்கணங்களைச் சுமப்பது. ஈற்றோட்டில் உள்ளவை மட்டும் என்று கொண்டால் செப்புக்கு ஒன்று. இரசாயனத் தாக்கத்தில் ஈடுபடக்கூடியவை எல்லாம் என்று கொண்டால், தாண்டல் மூலகங்களுக்கு (உங்கள் இடைநிலைத் தனிமங்கள்) 3டி இலத்திரன்களையும் சேர்க்க வேண்டும். அப்போது செப்புக்குப் பதினொன்று. ஆவர்த்தன அட்டவணையில் செப்பு 11ஆம் கூட்டத்தில் (தொகுதியில்) இருப்பதற்கும் இந்தப் பதினொன்றுக்கும் தொடர்பு உண்டு. பதினொன்றும் ஈடுபடும் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு. புளோரீனோடு சேர்ந்த சில சேர்வைகளில் மூன்று, மிக அரிதாக நான்கு. பக்கத்து வீட்டு நாகத்தை, அதாவது துத்தநாகத்தைப் பாருங்கள், அதற்கும் பத்து 3டி இலத்திரன்கள் உண்டு. ஆனால் கருவில் ஒரு புரோத்தன் கூடியதும் அந்தப் பத்தும் ஆழத்துக்கு இறங்கிவிட, நாகம் இரண்டோடு நின்றுவிடுகிறது.

மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் முதலாவது வரைவிலக்கணமே போதும். வினாத்தாளில் செப்பின் வலுவளவு இலத்திரன் எத்தனை என்று கேட்டால் ஒன்று என்று எழுதட்டும். வலுவளவு என்ன என்று கேட்டால் 1, 2 என இரண்டையும் எழுதட்டும். இவை இரண்டும் இரண்டு வேறு கேள்விகள் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

வைகைக்கரை

நேற்று பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியை மயில்துத்தப் படிகத்தைச் சோதனைக்குழாயில் இட்டுச் சூடாக்கிக் காட்டியிருக்கிறார். நீலம் போய் வெண்பொடியானது. வீட்டுக்கு வந்ததும், "சூடாக்கியபோது செம்பு தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெற்றுக்கொண்டதா, அதனால்தான் நிறம் போனதா?" என்று கேட்டாள். இதைக் கடைசிக் கேள்வியாக இங்கே வைக்கிறேன்.

நிறமாலை

இல்லை. வெண்பொடியிலும் செம்பு இரட்டை நேர் அயனியாகவே இருக்கிறது. போனது நீர் மட்டும். இரட்டை நேர் அயனியின் 3டியில் ஒன்பது எலக்ட்ரான்கள்தான் இருப்பதால் அங்கே ஓர் இடம் காலி. படிகத்தில் நான்கு நீர் மூலக்கூறுகள் அயனியை நெருங்கிச் சூழ்ந்திருக்கும்போது 3டி ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்களுக்கான இடங்கள், ஒரே ஆற்றலில் இராமல் மேலும் கீழுமாகப் பிரிகின்றன; கீழே உள்ள ஓர் எலக்ட்ரான் சிவப்பு ஒளியை உறிஞ்சி மேலே உள்ள காலியிடத்துக்குத் தாவ, நமக்கு நீலம் எஞ்சுகிறது. நீர் போன பின் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் மட்டுமே சூழ்ந்திருக்கின்றன. அவற்றால் அவ்வளவு பிரிக்க முடிவதில்லை. உறிஞ்சப்படும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுவதால் பொடி வெளுத்துத் தெரிகிறது.

குழாய் நன்றாக ஆறிய பிறகு, அந்த வெண்பொடியில் இரண்டு சொட்டு நீர் விட்டுக்காட்டும்படி ஆசிரியையிடம் அவளைக் கேட்கச் சொல்லுங்கள். நீலம் திரும்பும். அப்போது குழாயின் வெளிப்புறத்தைக் கையால் பிடித்திருந்தால் கண்ணாடி சுடுவது தெரியும்; ஐயா முதல் பதிலில் வரவுப் பக்கத்தில் எழுதினாரே, நீரேற்ற ஆற்றல், அதன் ஒரு சிறு பகுதி அது.